நிலூஷா பேசுகிறாள்

கட்டுகஸ்தோட்டையில் எல்லாருக்கும் ஒரே இன்டர்நெட்தான் என்று நினைக்காதீர்கள் சேர். ஹில்மி நானாவின் போன் கடையில் கொஞ்ச நாள் நின்றால் தெரியும். கம்பஸ் பிள்ளைகளுக்கு அது ஆடி வீடியோ போடுவதற்கு. கிளார்க்மார் பேஸ்புக்கில் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு, மேலதிகாரி பார்ப்பதற்குள் அழித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வாழ்த்தை ஊருக்கெல்லாம் அனுப்பினால்தான் ரபீகா டீச்சருக்குத் தேத்தண்ணி இறங்கும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மூக்காயி அம்மாவுக்கோ இன்டர்நெட் என்றால் ஒரே ஆள்தான். அரபு நாட்டில் வீட்டு வேலை செய்யும் மகள் நிலூஷா.

அவருக்கு எழுத்து தெரியாது. ஞாயிறுதோறும் போனை, கடையில் வேலை செய்யும் என்னிடம் நீட்டுவார்.

"எங்க புள்ள பேசியிருக்காளான்னு பாரும்மா."

வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தால் கடையே கல்யாண வீடுதான். போனுக்கு முத்தம், எல்லாருக்கும் டொபி. எனக்கும் தலைகால் புரியாது. வாரம் முழுக்க அந்த நாளுக்காகவே காத்திருப்பேன்.

ஒரு ஞாயிறு, ஹெட்செட்டில் நான் மட்டும் முதலில் கேட்டேன்.

"அம்மா, அடிக்கிறாங்கம்மா. ரூம்ல பூட்டி வச்சிருக்காங்க. யாருகிட்டயாவது சொல்லி என்னைய கூட்டிக்கிங்க."

நிமிர்ந்து பார்த்தேன். புதுச் சேலை, வாய் நிறையச் சிரிப்பு. அந்த முகத்தைக் கெடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

நிலூஷாவும் நானும் ஒரே வகுப்பு. அவளைப் போலவே பேசிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்தவள் நான். வந்த குரலை அழித்தேன். அம்மாவின் போனில் அவள் எண்ணைத் தடுத்தேன். என்னுடைய இன்னொரு சிம்முக்கு அவள் படத்தைப் போட்டுவிட்டு, பின்னறைக்குப் போய் அவள் குரலில் பேசி அனுப்பினேன்.

"அம்மா, நல்லா இருக்கேன். மேடம் தங்கமான மனுசி. போன் கோல்தான் எடுக்க விடமாட்டாங்க."

மூக்காயி அம்மா என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது.

பிறகு நிறுத்தவே முடியவில்லை, சேர். நான் அனுப்பிய வொய்ஸ்களில் மேடத்தின் கிளி பாட்டுப் பாடியது. நிலூஷா ஒட்டகத்திலிருந்து விழுந்தாள். தோட்டத்து லயத்து வீட்டுச் சனமெல்லாம் கூடியிருந்து கேட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாம். படத்தைத் தொட்டால் மகள் பேசுவாள் என்று அவருக்குப் பழக்கியும் விட்டேன்.

போன வாரம் சவப்பெட்டி வந்தது. உங்கள் பொலிஸாரிடம் மூக்காயி அம்மா சொன்னாராமே: "இது எங்க புள்ள இல்லங்கய்யா. காலையிலகூடப் பேசினாளே." பெட்டியைப் புதைக்கவும் விடவில்லையாம்.

அன்று காலையில் பேசியதும் நான்தான். பெட்டி வந்த செய்தி தெரிந்த பிறகுதான் பேசினேன். உதவி கேட்ட குரலை அழித்ததும் நான்தான். அதற்குப் பிறகு அவள் என்னென்ன சொன்னாள் என்று தெரியாது. வழியை நான் அடைத்துவிட்டேனே.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். என் போனை மட்டும் கொஞ்சம் தாருங்கள் சேர். நாளைக்கு ஞாயிறு. மகள் பேசாவிட்டால் மூக்காயி அம்மா தவித்துப் போவார், பாவம். அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?