மச்சம் விழாத படம்

டிவி ரிமோட்டின் நுனியில் இருக்கும் சின்ன விளக்கு எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமராவை அதன் எதிரே பிடித்துப் பட்டனை அழுத்தினால் திரையில் ஊதாவாக மினுங்கும். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள் மேடம். எனக்கு இந்தப் பித்து பிடித்தது அப்படித்தான்.

அந்த ஒளிக்கு அகச்சிவப்பு என்று பெயர். அதை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி, ஸ்டுடியோ கேமராவின் லென்ஸில் மாட்டினேன். கொல்லைப்புற மரத்தை எடுத்தேன். இலையெல்லாம் வெள்ளைவெளேரென்று வந்தது, வானம் கறுத்துவிட்டது. கல்யாணமும் பாஸ்போர்ட்டுமாக எடுத்துச் சலித்த கைக்கு அது பெரிய ஆறுதல்.

மரத்துக்குப் பிறகு என் தங்கையை எடுத்தேன்.

அவளுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை கரும்பழுப்பு மச்சம், பிறவியிலேயே. அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயாடி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். தூக்கத்தில்கூடப் பேசுவாள்.

படத்தைக் கணினியில் திறந்தேன். மச்சத்தைக் காணோம். நான் எதையும் தொடவில்லை. அந்த ஒளிக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் அசைந்ததில் முகம் தெளிவில்லாமல் கலங்கியிருந்தது. கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு தகடு ஒன்று இருக்கிறது. அதைக் கழற்ற எனக்குத் துணிவில்லை, இருப்பது ஒரே கேமரா. அதனால் படம் விழ வெகுநேரம் ஆகும். அதுவரை ஆள் அசையக் கூடாது. அவளால் அது ஆகிற காரியமா?

"என்னக்கா, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள்.

"மச்சம் இல்ல பாரு."

"அதான் பார்த்தேன். அது இல்லாம மூஞ்சி மொட்டையா இருக்கு."

அவளுக்கு ஒரு வரன் அமைந்திருந்தது. அமைந்ததென்ன, அவளே அமைத்துக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவளிடம், பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்தாராம். கதவு திறந்த பிறகும் இவள் பேச்சை நிறுத்தவில்லை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குப் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

"கல்யாணத்துக்கு வேற ஆளை வச்சுப் படம் எடுத்துக்கறோம்க்கா. கோவிச்சுக்காதே. எனக்கு என்னை மாதிரியே ஒரு படம் வேணும்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. போவதற்கு முன்னால் ஒரே ஒரு படம், தெளிவாக, எனக்காக என்று கேட்டேன். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சரியென்றாள்.

எனக்குத் தூக்க மாத்திரை போடும் பழக்கம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான். அதைப் பொடித்து அவள் காபியில் கலந்தேன்.

"கசக்குதுக்கா."

"தூள் கூடிப்போச்சு. குடிச்சிடு."

குடித்தாள். நான் கொடுத்ததை அவள் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை.

கொல்லையில் நல்ல வெயில். நாற்காலியில் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். பேச்சு குழறி, பிறகு நின்றது. எடுத்துப் பார்த்தேன். கழுத்தோரம் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. மூச்சு விடுகிறாள் அல்லவா, அதுதான். தட்டி எழுப்பி இன்னும் சில மாத்திரைகளைக் கரைத்துக் கொடுத்தேன். கண்ணைத் திறக்காமலே "போதும்க்கா" என்றாள். தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். குழந்தையில் அவளுக்கு மருந்து கொடுப்பதும் அப்படித்தான்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் கேமரா வழியாக ஒன்றும் தெரியாது. அதனால் நான் எதையும் கவனிக்கவில்லை என்று சொல்லச் சொன்னார் வக்கீல். அது பொய். பக்கத்தில் நின்று வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூச்சு விட்டு விட்டு வந்தது. உதட்டின் நிறம் மாறியது. போன் என் கையிலேயே இருந்தது. கேமராவைத் தொட்டால் ஆடிவிடும் என்று போனிலிருந்துதான் அதை இயக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். வந்தால் அவளை அசைப்பார்கள். வெயில் இறங்கும்வரை எடுத்தேன். கடைசிப் படங்களில் துளிக் கலங்கல் இல்லை. என் தங்கையை நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நான் அழவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். அழுதேன் மேடம். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. அவள் அறையில் ரேடியோவைப் போட்டுவைத்தேன், ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று.

சாவுச் சேதி கேட்டு மாப்பிள்ளை மறுநாள் வந்தார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு முன்னறையில் வைத்திருந்தேன். அதன் எதிரே வெகுநேரம் நின்றார்.

"அக்கா, மச்சத்தோட ஒரு படம் இருந்தா குடுங்கக்கா. சின்னதா இருந்தாலும் போதும். என் போன்ல இருக்கிறதெல்லாம் அவ ஆடி ஆடிக் கலங்கிப்போயிருக்கு."

எங்கே போவேன்? பள்ளிக்கூடப் படத்திலிருந்து அடையாள அட்டை வரை அவளை எடுத்தவள் நான். எல்லாவற்றிலும் அதைக் கணினியில் துடைத்துவிட்டுத்தான் அச்சுப் போடுவேன். இல்லையே தம்பி என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

அவரை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இத்தனை நாள் பழகியும், அவள் எவ்வளவு அழகு என்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை.