பச்சைப் புள்ளி

— கம்ப்யூட்டர் மூடியக் கழட்டியாச்சுல்ல எர்னிங், இன்னும் என்ன உள்ளயே பாத்துக்கிட்டிருக்க?

— புது ப்ராசஸரும் ரேமும் போடத்தான கூப்பிட்டீங்க, மரிவிக் அக்கா?

— ஆமா. ஜப்பான் புள்ளைங்களுக்கு ஆன்லைன்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற வேலை. நாளைக்கு மெஷினத்தான் மொதல்ல சோதிப்பாங்களாம். இது கிழடு.

— ரெண்டு வருஷம் முன்னாடி நாந்தானக்கா இதுல நல்லதா போட்டுக் குடுத்தேன். நான் மாட்டுற எதுலயும் பச்சை மார்க்கர்ல புள்ளி வைப்பேன். இதுல ஒண்ணுலயும் புள்ளியக் காணோம். அன்னைக்குக் கழட்டி பிஸ்கட் டப்பால குடுத்தேன் பாருங்க, அந்தப் பழசே திரும்ப உக்காந்திருக்கு.

— அப்படியா. காபி ஆறுது, குடி.

— யாருக்கா தொறந்தது?

— ரோமிதான். பெரிய வெள்ளியன்னைக்கு. இன்னைக்கு ஆணி கூட அடிக்கக் கூடாது, கையில காயம்பட்டா ஆறாதுன்னேன். தூசி தட்டுறேன்னாரு. மறுவாரம் கப்பலேறிட்டாரு.

— செவுத்துல மாட்டியிருக்கிற படம்... அவருதானாக்கா உங்க வீட்டுக்காரரு?

— நீ பாத்ததில்லல்ல. அவருதான். ஏன்?

— சும்மாதான். புதுசு மாட்டிர்றேன், அர மணி நேரம்.

— அந்தப் புள்ளிய வேற எங்கயோ பாத்திருக்க.

— வேணாங்க்கா.

— சொல்லு. அடுப்புல ஒண்ணும் வைக்கல, எனக்கு அவசரமில்ல.

— ஈஸ்டர் முடிஞ்சு தாஸ்மாரின்யாஸ் டவுன்ல ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தம்மா ஒரு ப்ராசஸரும் ரேமும் கவர்ல வச்சு, மாட்டச் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டுலயும் என் பச்சைப் புள்ளி. எங்கெங்கயோ கைமாறி எங்கிட்டயே வந்திருக்குன்னு சிரிச்சுக்கிட்டே மாட்டினேன்.

— யாருக்கு?

— எட்டு வயசுப் பையனுக்கு. ஞாயித்துக்கிழமை அவங்கப்பா கப்பல்லேருந்து வீடியோல வருவாராம். முகம் பாதியிலயே நின்னு போகுதுன்னு அழுதானாம்.

— எங்கிட்ட மூணு மாசமா, வீடியோல வரக் கப்பல்ல சிக்னலே இல்லேன்னு மெசேஜ் போடுறாரு. இப்ப நிக்காம வருதாமா?

— தெரியலக்கா. வரும். நல்ல சாமான் அது.

— ம். அந்த ரொட்டியத் தின்னு, காஞ்சு போகும்.

— எனக்கு எறங்காதுக்கா. நீங்க அழுதாக்கூடத் தேவலை.

— அழுதா நாளைக்குத் தொண்டை கட்டிக்கும். பேசுற வேலை. புதுச மாட்டு, புள்ளியும் வச்சிரு.

— சரிக்கா.

— செவுத்துல இருக்கிற ஆளு அங்கயும் செவுத்துல இருந்தாரா?

— இருந்தாருக்கா. கல்யாணப் போட்டோ. பத்து வருஷம் முந்தின தேதி போட்டிருந்துச்சு. அந்த மனுஷன் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு உங்கள இப்படி ஏமாத்துவாருன்னு...

— இன்னொருத்தி அவ இல்ல எர்னிங். எங்கிட்ட ஒவ்வொரு லீவுலயும் அடுத்த லீவுல கல்யாணம்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு.