காட்சிக்கு ஒரு தோப்பு

— "வற்றி மாண்டுபோன ஆரல் கடலுக்கு எங்கள் நிறுவனம் மறுபிறவி அளிக்கிறது. பூமித்தாய் இனி எங்கள் பங்குதாரர்." இந்த இடத்துல கைதட்டுவாங்க அண்ணி. எப்படி இருக்கு?

— டீக் கிண்ணத்தை மூடி வை பாசில். உப்பு விழுது.

— நாளைக்குத் தலைநகர்ல இருந்து பெரிய மனுசங்க வர்றாங்க. நீங்க கிண்ணத்தப் பத்திப் பேசுறீங்க.

— இத்தனை நாளா மக குல்பானோட ஆஸ்பத்திரியில கிடந்துட்டு இன்னைக்குத்தான் பூட்டைத் திறந்தேன். வீடு பூரா உப்பு. எந்தப் புழுதிக்காத்துக்கும் இப்படி உள்ள வந்ததில்ல.

— வெளிய இன்னும் மோசம். எதிர்ல ஒட்டகம் நின்னாலும் தெரியல. விளக்கைப் போட்டுக்கிட்டு ஊர்ந்துதான் வந்தேன்.

— அந்த ட்ரோன்ல விதை தூவினீங்களே, முளைச்சுதா?

— தூவுறதுதான் அண்ணி புதுமை. முளைக்கிறது மண்ணோட பொறுப்பு.

— அதாவது முளைக்கல.

— அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன். வீட்டுக்குப் பின்னாடி அண்ணன் வளர்த்த சாக்சவுல் மரத்தோப்பு இருக்குல்ல? நாளைக்கு விருந்தாளிங்கள அங்க நிறுத்திப் படம் எடுத்துக்கிறோம். முன்னாடி எங்க கம்பெனிப் பலகை. அவ்வளவுதான்.

— குடிக்கிற தண்ணியில பாதிய அந்தக் கன்னுங்களுக்கு ஊத்தின மனுசன். நெஞ்சடைச்சுச் சாகுற அன்னைக்கும், மரத்துக்கு ஊத்தியாச்சான்னுதான் கேட்டாரு. பலகையில அவர் பேரு வருமா?

— இடம் இல்லையே அண்ணி. கம்பெனிப் பேரே ரெண்டு வரி.

— சரி, பேரு வேண்டாம். வேலி போட்டுக் குடு. அந்த மரங்க உப்புக்காத்த மறிச்சு நின்னாத்தான் என் பொண்ணு படுத்துத் தூங்குவா. இல்லேன்னா உக்காந்து மூச்சு வாங்குறா. டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. உப்புக்காத்து படாம வெச்சுக்கோங்கன்னு சொன்னதோட சரி.

— வேலி, காவலாள், எல்லாம் போடுறேன். அண்ணன் மேல சத்தியம். முதல்ல இதைச் சாப்பிடுங்க. நாளைய விருந்துக்கு ருசி பார்க்கச் சுட்ட ஆட்டுக்கறி.

— வாசனை அந்தக் காலத்து வாசனையா இருக்கே. கேஸ்ல சுட்டது இல்லையே?

— கேஸ்ல சுட்டு விருந்தாளிக்கு வெச்சா நம்ம ஆளுங்க காறித் துப்பமாட்டாங்களா? சாக்சவுல் கரியிலதான் சுடணும்னு சமையல்காரன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். வெளியூர்க்காரன்னாலும் கெட்டிக்காரன். ரெண்டு லாரி விறகு கொண்டுவந்து இறக்கிட்டான்.

— இந்தப் பக்கம் சாக்சவுல் ஏதுடா? எங்க வெட்டினான்?

— ஏதோ ஒரு பூட்டின வீட்டுக்குப் பின்னாடின்னான்.