மழையை அறிந்த அணுக்கள்

“எங்க லேப்ல அணுவுக்கு மழை பெஞ்சது தெரிஞ்சிருக்கு மக்கா.”

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இதைக் கேட்டதும் செல்போனைப் பைக்குள் போட்டேன். சொன்னவள் பெங்களூரில் இயற்பியல் ஆய்வு செய்கிறவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் அவளோடு பள்ளியில் படித்தவள். அந்தத் தோழியின் மடியில் புதிதாக வாங்கிய கிணற்றுக் கயிறு.

“அணுவுக்கு எப்பிடிட்டி தெரியும்?”

“அதை விழப்போட்டு, பூமி எவ்வளவு இழுக்குன்னு அளப்போம். மழை பெஞ்சு தரைக்கடியில தண்ணி சேந்தா இழுவை ஒரு பொடி கூடும். எங்க தலைவரு நம்பல்ல. மெஷின் கோளாறு, அந்த நாள் கணக்கையெல்லாம் வெட்டிப்போடுன்னாரு. இல்லேன்னா திட்டத்துல நீ கெடையாதுன்னாரு.”

“வெட்டினியா?”

“வெட்டல்ல. காம்பவுண்டுல ஒரு பழைய கெணறு உண்டு. கயித்துல கல்லைக் கெட்டி எறக்கி, ரெண்டு மாசம் காலையிலயும் சாயங்காலமும் தண்ணிமட்டம் எழுதினேன். கெணறு ஏறுன அன்னைக்கெல்லாம் மெஷினும் ஏறியிருந்துது.”

“இப்ப அவரு என்ன சொல்லுகாரு?”

“இப்ப அந்த மெஷினை நாந்தான் நடத்துகேன். அடுத்த மாசம் பேச்சிப்பாறைக்குக் கொண்டு வாறேன். மலைக்கடியில எவ்வளவு தண்ணி கெடக்குன்னு பாக்கணும்.”

பார்வதிபுரத்தில் இறங்க வேண்டியவன் நான். இறங்கவில்லை.

தோழி அவள் பக்கம் திரும்பினாள். “அப்ப எங்க வீட்டுக் கெணத்துலயும் ஒருக்க வச்சுப் பாத்துச் சொல்லேன், எவ்வளவு தண்ணி கெடக்குன்னு.”

“அதுக்கு உன் மடியில இருக்க கயிறு போதும்.”