ஆன்லைன் டியூசனுக்கு வந்த கிடா

வில்லாபுரத்தில் பஸ் ஏறினேன், முட்டிக்கு வைத்தியம் பார்க்க. மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் போன முட்டி, அது கிடக்கட்டும். முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். மூத்தவள் சொன்னாள்:

"கிடா போச்சுன்னா என் ஆன்லைன் டியூசனும் போச்சுடி."

"என்னக்கா சொல்ற?"

"கனடாப் புள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தாரேன்ல? ஒருநா எங்க கிடா கேமராவுல வந்து மூக்க வச்சுருச்சு. இப்ப அதுகிட்டத்தான் தமிழ்ல பேசுதுக, 'சாப்புட்டியா கிடா?'ன்னு. அதுக்காகவே எம்புட்டுப் புள்ளைக புதுசா சேந்துருக்கு! சம்பளத்துக்கு மேல வாரது அது ஒண்ணுதான்."

"பெறகென்ன?"

"சாமிக்கு நேந்துவிட்ட கிடாடி. வெள்ளிக்கிழம வெட்டணும். வேற கிடா குடுக்கலாமான்னு பூக்கட்டிப் பாக்க அவரு கோயிலுக்குப் போயிருக்காரு. வெள்ளப் பூ வந்தா தப்பிக்கும்."

"எங்க சர்ச்சுல பூவெல்லாம் பாக்குறதில்ல. இருந்தாலும் நானும் ஜெபம் பண்றேன்க்கா."

போன் அடித்தது.

"என்ன பூவுங்க? வெள்ளையா! நெசமாவா?" மூத்தவள் ஓடுகிற பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள்.

டிக்கெட் போடாமல் கேட்டுக்கொண்டு நின்ற கண்டக்டர், "அப்ப நம்ம கிடா பொழச்சிருச்சாம்மா?" என்றார்.

"பொழச்சிருச்சுண்ணே!"

சின்னவள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எக்கா, புதுசா வாங்குற கிடாவ மட்டும் கேமராப் பக்கம் விட்றாத."