சமையல்காரர் சாகணும்

சுஷ்மிதா: ...அப்புறம் பக்கம் பன்னெண்டு. கேப்டன் கையில ரம் பாட்டில் இருக்கக்கூடாதாம்.

கேசவன்: வேற என்ன குடிப்பாராம்?

சுஷ்மிதா: மைலோ.

கேசவன்: கடல் கொள்ளைக்காரன்... மைலோ?

சுஷ்மிதா: பிரைமரி ஃபைவ் பிள்ளைங்களுக்கான புக் அண்ணே. அந்தப் பழைய கடல் நாவலை நீங்க சுருக்கி எழுதினதை கமிட்டி படிச்சிட்டு அனுப்பின லிஸ்ட் இது. நான் வெறும் எடிட்டர்.

கேசவன்: சரி, மைலோ. ஐஸா, சூடா?

சுஷ்மிதா: கிண்டல் வேணாம். பக்கம் பத்தொன்பது, கத்திச் சண்டை...

கேசவன்: எடுத்துடணுமா?

சுஷ்மிதா: சண்டை இருக்கலாம். கத்திதான் கூடாது.

கேசவன்: வாய்ச் சண்டை ஆக்கிடறேன். எங்க அடுக்குமாடி ப்ளாக்ல தினமும் நடக்குது, பாத்து எழுதினா போதும். அடுத்தது?

சுஷ்மிதா: தெப்பத்துல ஏறும்போது பையன் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும்.

கேசவன்: கதை நடக்கிறது இருநூறு வருஷத்துக்கு முன்னால லா!

சுஷ்மிதா: கமிட்டிகிட்ட நீங்களே சொல்லிக்கிறீங்களா?

கேசவன்: வேணாம். போட்டாச்சு. ஆரஞ்சு கலர். தே குடி, ஆறிடப்போகுது.

சுஷ்மிதா: நீங்க எல்லாத்துக்கும் தலையாட்டறது பயமா இருக்குண்ணே. கடைசியா இன்னும் ஒண்ணு இருக்கு... பக்கம் நாப்பத்தாறு. மிச்சமிருந்த தண்ணிய பையனுக்குக் கொடுத்துட்டு சமையல்காரர் சாகறாரே...

கேசவன்: அதைத் தொடாதே.

சுஷ்மிதா: முழுசா கேளுங்க. அவர் சாக வேணாம். நீந்திப் போய் வேற ஊர்ல கரையேறுறார். அங்கேயே ஒரு சாப்பாட்டுக்கடை வைக்கிறார். எல்லாரும் ஹேப்பி.

கேசவன்: ஊர்ல பெண்டாட்டி பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குமே?

சுஷ்மிதா: அதுக்கெல்லாம் பக்கம் இல்லண்ணே. மொத்தமே நாப்பத்தெட்டுதான்.

கேசவன்: முடியாது. ரம், கத்தி எல்லாம் கொடுத்துட்டேன். சமையல்காரரைக் கொடுக்க மாட்டேன். அவரை உயிரோட விட்டா என் புக் வேணாம், நிறுத்திடு.

சுஷ்மிதா: நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகணும்! தேக்கா மார்க்கெட்ல, இந்த மத்தியானக் கூட்டத்துக்கு நடுவுல என்னை அழ வைக்காதீங்க. ஒரு வழி இருக்கு... ஒரிஜினல்லயே அவர் செத்தா அப்படியே விட்டுடலாம்னு கமிட்டி சொல்லுது. எந்தப் பக்கம்னு காட்டுங்க, போதும்.

கேசவன்: கடைசியிலதான்... எங்கேயோ.

சுஷ்மிதா: அறுநூறு பக்க நாவல்ல எங்கேயோவா?

கேசவன்: இன்னொரு தே சொல்லட்டுமா?

சுஷ்மிதா: அண்ணே. நீங்க ஒரிஜினலைப் படிச்சிருக்கீங்கதானே?

கேசவன்: ...பத்து வயசுல, தோ பாயோ வீட்டுக்குக் கீழ்த்தளத்துல, வாய்ட் டெக்ல யாரோ போட்டுட்டுப் போன புக். சின்னது. பிள்ளைங்களுக்காக யாரோ சுருக்கினது. அதை வச்சுத்தான் எழுதினேன்.

சுஷ்மிதா: சுருக்கினதைச் சுருக்கியிருக்கீங்களா!

கேசவன்: அதுலயும் கடைசி எட்டுப் பக்கம் கிழிஞ்சிருந்தது. தம்பி முடிவு என்னன்னு கேட்டு அழுதான். நானே சொன்னேன். சமையல்காரர் தண்ணி கொடுத்துட்டு செத்துட்டார்னு. அவன் இன்னைக்கு வரைக்கும் அதை நம்பறான்.

சுஷ்மிதா: ஐயோ...

கேசவன்: திட்டு.

சுஷ்மிதா: எப்படித் திட்டறது? ஒரிஜினலோட வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாத்தேன்னு போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன். நானும் அதைத் திறந்துகூடப் பாக்கலண்ணே.

கேசவன்: நல்லா இருக்கு லா நம்ம கதை!

சுஷ்மிதா: சிரிக்காதீங்க. நீங்களா இட்டுக்கட்டினதுதானே, நீங்களே மாத்திட்டா என்ன? பாவம், அந்த மனுஷன் பொழைச்சுப் போகட்டும்.

கேசவன்: எங்க அப்பா கப்பல்ல சமையல்காரர், சுஷ்மிதா. எனக்குப் பத்து வயசான அந்த வருஷம்தான் போனார். திரும்பி வரல.

சுஷ்மிதா: அண்ணே... சாரி. எனக்குத் தெரியாது. கடல்லயா...?

கேசவன்: பினாங்குல. சாப்பாட்டுக்கடை வச்சார். வேற பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, மீன் கறிக்குக் கூட்டம் நிக்குமாம்... எல்லாரும் ஹேப்பி. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. நாப்பத்தாறாம் பக்கத்துலயாவது அவர் யோக்கியமா சாகட்டும்.