அப்டேட்டை இடையில் நிறுத்தக் கூடாது

டீயில் சீனி குறைவாகவே போடச் சொல்லுங்கள் சார். எதுவும் அளவு குறைவாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன் நான். பிறகு திருவனந்தபுரத்தில் நைட் ஷிஃப்டில் சர்வர்களுக்குக் காவல் இருந்தேன். 2012இல் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கேமரா வைத்தபோது கமிட்டி அதன் படம் பதிவாகும் கம்ப்யூட்டரை என்னிடம் விட்டது. பழைய பெட்டி. லினக்ஸ் போட்டேன்.

லினக்ஸ் அப்டேட்கள் பேக்கேஜ்களாக, அமுக்கிச் சுருக்கப்பட்டு வரும். கல்ஃபுக்குப் போகிறவன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து பூட்டுவானே, அப்படி. ஜிஜிப் என்பது பழைய முறை. லேசாக அமுக்கும், சட்டென்று விரியும். எக்ஸ்இசட் இன்னும் சிறிதாக அமுக்கும், விரிய நேரமாகும். நான் எல்லாவற்றையும் பிரித்து, எக்ஸ்இசட்டின் உச்சத்தில் மறுபடி அமுக்கி, பென்டிரைவில் வைத்திருந்தேன். பென்டிரைவில் இடம் தாராளமாக இருந்தது. அது வேறு விஷயம்.

தேர்ப்பவனி அன்று சாயங்காலம் அப்டேட்டை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். லீமா அக்கா ஓடி வந்தாள். அவளுடைய அப்பா கிளீட்டஸுக்கு வயதாகி ஞாபகம் தப்பும். குளச்சலில் இருக்கும் தம்பி வீட்டுக்கென்று பஸ் ஏறப் போவார். இல்லையென்றால் வள்ளம் இறக்கக் கடலோரப் பாறைப் பக்கம் கிளம்புவார்.

"மக்கா ஷைஜு, அப்பாவக் காணல. பஸ் ஸ்டாண்டுக்குப் போனாரா, பாறப் பக்கம் போனாரான்னு கேமராவுல பாத்துச் சொல்லு."

"அப்டேட் ஓடுது அக்கா. இடையில நிறுத்துனா சிஸ்டம் கெட்டுப் போவும்."

கமிட்டி யூஜின் அண்ணன் பின்னாலேயே வந்தார். "ஏலே, உனக்க சிஸ்டம் என்ன மாசமா இருக்கா? நிறுத்துலே."

"எழுபத்திரண்டு பர்சென்ட் ஆச்சு அண்ணே."

அவர் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். பிடுங்கினால் இதுவரை பதிவானதும் அழிந்துவிடும் என்றேன். அழியலாம். பெரும்பாலும் அழியாது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"புதுச் சட்ட போட்டிருந்தாரு. பஸ்ஸுக்குத்தான் போயிருப்பாரு" என்றாள் லீமா அக்கா. எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள்.

அப்டேட் ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தது. அப்புறம் பதிவைப் போட்டுப் பார்த்தேன். புதுச் சட்டையோடு கிளீட்டஸ் பாறைப் பக்கம் போயிருந்தார். உடனே இறங்கிவிடவில்லை. வெகுநேரம் பாறைமேல் உட்கார்ந்து வள்ளத்துக்குக் காத்திருந்தார். தொண்ணூறு சதவீதம் தாண்டியிருக்கும்போதுதான் எழுந்து தண்ணீருக்குள் நடந்தார். நல்ல தெளிவான படம். மறுநாள் கரையொதுங்கினார்.

நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். அப்டேட்டை நிறுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. திரையில் பக்கத்திலேயே இன்னொரு ஜன்னலைத் திறந்து பதிவைப் பார்த்திருக்கலாம். லினக்ஸில் அது சாதாரணம். அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் படமும் சேர்ந்து ஓடினால் பேக்கேஜ் விரிவது மெதுவாகும். ஏற்கெனவே மெதுவாகத்தான் விரிந்துகொண்டிருந்தது.

லீமா அக்கா இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கமிட்டிக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் சிஸ்டம் ஒருமுறைகூடக் கெட்டதில்லை என்று இந்தத் திருவிழாவுக்கும் கேமராவை என்னிடமே விட்டிருக்கிறார்கள்.

கண்மூடித் திறப்பதற்குள் விரிகிற புது முறை ஒன்று இப்போது வந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தேன். உண்மையிலேயே வேகம். ஆனால் அளவு கொஞ்சம் கூடுகிறது சார். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.